அக்கா போட்ட உள்தையல்

அக்கா,

இன்று விடிந்ததும் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு உன் மாம்பழக் கலர் பட்டு ரவிக்கை கைக்கு வந்தது. உள்பக்கம் திருப்பினால் வரிசையாகத் தையல்கள், எல்லாம் நீயே போட்டவை. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

நம் வீட்டில் யாருக்கு ரவிக்கை தைத்தாலும் உள்ளே தாராளமாகத் துணி விடவேண்டும். உடம்பு பெருக்கப் பெருக்க ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொள்ளலாம். அப்பாவின் உடம்பு வாகு நமக்கு. பெருப்பதைப் பிறந்த வீட்டுச் சீர் போல நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன், நீதான் மறுத்தாய்.

அம்பத்தூரில் நம் எடையைப் பார்த்த அந்த டாக்டரம்மா, "உங்க குடும்ப வாகு இது, மரபணுவும் ஒரு காரணம். ஆனா சாப்பாடும் நடையும் உங்க கையிலதான் இருக்கு" என்றார். வெளியே வந்ததும் நான் குஷியாக, "கேட்டியாக்கா, மரபணுவாம். நம்ம மேல தப்பே இல்ல" என்றேன். நீ ஆட்டோவைக்கூடக் கூப்பிடாமல் நடக்க ஆரம்பித்தாய்.

"மொத பாதிய மட்டும் காதுல வாங்கிகினியா? மீதி என்கிட்ட கீது, வா."

மறுநாளே கொரட்டூர் ஏரிக்கரைக்குக் கிளம்பினோம். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ மாட்டியிருந்தாய். வடைக்கடை நெருங்கினால் என் கையைப் பிடித்து எதிர்ச்சாரிக்கு இழுப்பாய். "வாசன சும்மாதான், காசு இல்ல. மூச்ச நல்லா இஸ்துகினு வா." ராத்திரி தட்டில் சோறு சுருங்கி, கீரைக் கூட்டு பெருகியது. அதற்காக நீ ஒல்லியாகிவிடவில்லை. ஆனால் ஒருநாள் இந்த ரவிக்கை தளர்ந்துபோனதால், எதையும் பிரிக்காமல், இன்னும் உள்ளே தள்ளிப் புதிதாக ஒரு தையல் போட்டாய். நம் வீட்டில் அதுவரை யாரும் செய்யாத வேலை. அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தாய்.

விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு ஏரிப்பக்கம் போக மனமில்லை. என் மகளுக்கு நிச்சயமானதும், கல்யாணத்துக்கு உன் ரவிக்கையைத்தான் போடுவது என்று போட்டுப் பார்த்தேன். கொக்கி எட்டவே இல்லை.

"ஒரு தையல பிரிச்சா சரியாப்பூடும்மா" என்றாள் மகள்.

"பெரியம்மா போட்ட தையல்டி அது. அத்த மட்டும் தொடாத."

மறுநாள் காலையிலேயே உன் ஷூவைத் தேடி எடுத்தேன், அன்றிலிருந்து தினமும் ஏரிக்கரை நடை.

இன்று குமணன்சாவடி கல்யாண மண்டபத்துக்குக் கிளம்புமுன், மூச்சை அடக்காமலேயே கடைசிக் கொக்கியும் மாட்டியது. பார்க்க நீ இல்லையே என்று அழுதேன். மகள் கண்ணாடி முன்னால் இழுத்து நிறுத்தியதும் சிரித்தேன். அதே அகலத் தோள், அதே இடுப்பு. உடம்பு அப்பா கொடுத்ததேதான், அக்கா. ஆனால் நீ போட்ட தையல் பிரியவில்லை.