துணி அலமாரிக்குள் சாக்ஸபோன்

நவம்பர் 2

என் ஊதல் மன்னருக்கு,

நலம். அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. என் துணிகளை அனுப்பச் சொல்லி எழுதும் மூன்றாவது கடிதம் இது. திங்கட்கிழமை புதிய பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும். குளிர் தொடங்கிவிட்டது, அக்காவின் கோட் எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது.

"துணிய அனுப்பாம வச்சிருக்கார்னா, நீ திரும்பி வரணும்னு ஆசைடி. இது கூடவா புரியல?" என்கிறாள் அக்கா. அப்படியா? சண்டை போட்டுக் கிளம்பியவள் நான்தான். ஆனாலும் வரச் சொல்லி ஒரு வரி எழுதினால் வந்துவிடுவேன். எழுதுவீர்களா?

உங்கள் வாத்தியாரம்மா

நவம்பர் 6

வாத்தியாரம்மா,

கோபிக்காதே. பதினான்காம் தேதி ஒரு பெரிய ஜாஸ் இசைக்குழுவில் சேர எனக்கு வாசிப்புத் தேர்வு. பன்னிரண்டு வருடம் ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு ஊதியபின் வந்த வாய்ப்பு. இதையும் விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

கீழ்வீட்டார் புகார் செய்ததால், "இன்னொரு தடவ சத்தம் வந்தா காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அதனால் உன் துணி அலமாரிக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறேன். உன் கோட்டுகள் சத்தத்தை அப்படியே விழுங்கிவிடுகின்றன! அனுப்பலாம் என்று இரண்டை எடுத்தேன். அன்று ஊத ஆரம்பித்ததுமே கீழேயிருந்து கம்பால் இடித்தார்கள். தேர்வு முடியட்டும், எல்லாவற்றையும் தேய்த்தே அனுப்புகிறேன்.

உன் மன்னர்

நவம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

படித்ததும் நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எனக்கு மட்டும் அழுகை வந்தது.

துணிகள் அங்கேயே இருக்கட்டும். கனத்த கோட்டைக் கதவுப் பக்கம் மாட்டுங்கள். இடுக்கு வழியாகத்தான் சத்தம் போகும். வெறும் வயிற்றோடு தேர்வுக்குப் போகாதீர்கள், தலை சுற்றும். நன்றாக வாசிப்பீர்கள்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இனி கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
நான்

நவம்பர் 15

வாத்தியாரம்மா,

இடம் கிடைத்துவிட்டது! "இத்தன நாள் எங்கய்யா ஒளிஞ்சிருந்தீங்க?" என்று கேட்டார் குழுத் தலைவர். அலமாரிக்குள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

திட்டியிருப்பாய் என்று பயந்து, உன் கடிதத்தைத் தேர்வு முடியும்வரை பிரிக்கவில்லை. நேற்றுப் பிரித்தேன். முந்தைய கடிதத்தையும் தேடி எடுத்தேன். துணி என்று பார்த்ததோடு நிறுத்தியிருக்கிறேன், பாவி. மீதியை நேற்றுதான் படித்தேன். போன் செய்தால், "அவ பேசமாட்டாளாம்" என்று வைத்துவிட்டார் உன் அக்கா.

இந்த நல்ல சேதியைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? வந்துவிடு. காலம் கடந்துவிட்டதென்றால் அதையாவது எழுது. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் மடையன்