நிறையாத பாட்டில்

அம்மாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? பதறாதீர்கள், எனக்கு இடுப்புக்கிட்ட முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

காயத்தில் தேங்கும் ரத்தம் வெளியேற, குழாய் செருகிப் பாட்டில் மாட்டியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் டிரைவருக்குப் பாட்டில் பாதி நிறைந்துவிட்டது. எனக்கோ அடிதான் நனைந்தது. தோற்றுவிடுவேனோ என்று டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தேன். நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

“வடியறது குறைஞ்சாதாங்க நல்லது. நீங்கதான் ஃபர்ஸ்ட்டு!”

இன்று குழாயை உருவிவிட்டார்கள். டிரைவர் கைதட்ட, வார்டு முழுக்க ராஜா மாதிரி நடந்தேன்!

குனியக்கூடாதாம். குனியாமல் மாட்டுகிற செருப்பு ஒரு ஜோடி அனுப்புங்கள். இங்கே வாங்கித்தர ஆளில்லை.

டாக்டர் வருகிறார், நிறுத்துகிறேன். குழாயை உருவும்போது “அம்மா!” என்று நான் போட்ட சத்தம் அங்கே கேட்டிருக்குமே?

உங்கள் மகன்