ஷால் காந்தம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டிச் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

இன்று காலை பென்சில் பெட்டியில் உன் ஷால் காந்தம் கையில் தட்டுப்பட்டது. ஊசிக்குப் பதிலாக நீ தலைத்துணியில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பச்சைப் பொத்தான். காய்ச்சலில் நீ போன பிறகு உன் அம்மா என் கையில் வைத்து மூடியது.

பாலக்காட்டு உள்ளரங்கில் நாம் சுடப் பழகிய முதல் வாரம் நினைவிருக்கிறதா? ஏர் ரைஃபிளுக்குத் தட்டைத் தலை ஈயப் பெல்லட் குண்டு மட்டும்தான் என்று சுவரில் எழுதியிருந்தது. இரும்பு என்றால் தடுப்பில் பட்டுத் திரும்பி வரும். கொண்டுவந்தவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். மாமா கோயமுத்தூரில் வாங்கித் தந்த டப்பாவை நான் பெருமையாக நீட்டினேன்.

“ஈயம்னு போட்டிருக்குது பாரு, புள்ள.”

“போட்டிருக்கும். கடைக்காரர் மகடி நான். எங்க அத்தா கடைக்கு வர்ற டப்பாவையே நம்பமாட்டேன். உங்க மாமா டப்பாவ நம்புவனா?”

ஷாலைப் பல்லில் கடித்துக்கொண்டு, காந்தத்தைக் கழற்றிப் பெல்லட்டுகளின் மேல் ஓட்டினாய். சில துள்ளி ஒட்டின. எனக்கு அழுகை வந்தது. “உன்னையாடி சந்தேகப்பட்டேன்? டப்பாவத்தான்” என்றாய்.

இன்று மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். அடுத்த வருடம் பிளஸ் டூ, வீட்டில் விடமாட்டார்கள். எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பயிற்சி தரும் சார் எல்லாருக்கும் புது டப்பா கொடுத்தார். என் டப்பாவின் மூடி, ஏற்கெனவே யாரோ திறந்ததுபோல், சுலபமாகத் திறந்துகொண்டது. பெல்லட்டுகளில் சில ஈயத்தைவிடக் கூடுதலாக மின்னின. பையில் போட்டு வந்திருந்த உன் காந்தத்தை எடுத்தேன்.

“எந்தா மோளே, எம்மேல சம்சயமா?” என்றார் சார்.

“உங்க மேல இல்லீங்க சார். டப்பா மேலதானுங்க.”

“போலீஸ்ல சேரப் போறா!” என்று பின்னால் ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மேலே இருந்தவற்றில் எதுவும் ஒட்டவில்லை. பேசாமல் சுட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் டப்பாவின் அடியைப் பார்க்காமல் நீ விடமாட்டாய். அங்கே ஒன்று துள்ளி ஒட்டியது.

சிரிப்பு நின்றது. சார் எல்லா டப்பாக்களையும் திரும்ப வாங்கிக்கொண்டு, “இன்னைக்கு வேண்டாம்” என்றார். மறுபடி எப்போது என்று சொல்லவில்லை. இது எப்படி உள்ளே வந்தது என்று கேட்டேன். “கடையிலயே சோதிச்சிருக்கணும்” என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். அதை நான் நம்பவில்லை. அடுத்த முறை என்னைக் கூப்பிடுவார்களா என்பதும் சந்தேகம்தான்.

அந்தப் பெல்லட்டைப் பிடுங்காமல் காந்தத்தோடு கைக்குள் மூடிக்கொண்டேன். கேட்டால் காட்டலாம் என்று நின்றேன். யாரும் கேட்கவில்லை. தூரத்தில் இலக்குத் தாள்கள் ஓட்டையில்லாமல் தொங்கின. கடைசித் தாளின் பக்கமிருந்து ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்தார்கள்.