மாடியில் கட்டிய கயிறு

உன் பதிமூன்றாம் நாள் காரியத்துக்காக நேற்று மல்லேஸ்வரத்தில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்த கயிறு நம்முடையது. இத்தனை வெயிலுக்குப் பிறகும் அதன் முடிச்சுகளில் கழிமுகத்துச் சேற்றின் வாடை லேசாக இருந்தது. நைந்த கயிற்றை நம்பி ஆளைத் தண்ணீருக்குள் இறக்கக் கூடாது என்று அதைக் கழித்தபோது, வீட்டுக்கு ஆகும் என்று நீ சுருட்டி எடுத்துப்போனாய்.

தொண்ணூற்றொன்றில் ஒன்றாகத்தான் வேலையில் சேர்ந்தோம். அலுவலகம் இந்த ஊரில்; வேலை, கடலோரக் கழிமுகத்தில் மூழ்கிய பழங்காலச் செங்கல் சுவர்களை நீருக்குள் இறங்கித் தேடுவது. அந்தக் கலங்கலில் கண் எதற்கும் ஆகாது. கையால் தடவித்தான் சுவர் எங்கே திரும்புகிறது என்று அறிய வேண்டும். முதல் முறை இருவரும் சேர்ந்து இறங்கினோம். என் கை எனக்கே தெரியவில்லை. பயத்தில் என் வாயிலிருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு உன் முகத்தில் உதைத்தேன். நீதான் என்னை மேலே கொண்டுவந்தாய். படகில் இருந்தவர்களிடம், "ரெகுலேட்டர் மக்கர் பண்ணிடுச்சு" என்று மூச்சுக் கருவியின் மேல் பழியைப் போட்டாய். என்னிடம் மட்டும், "டேய், இனிமே நீ கயித்தைப் பிடி. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாய்.

அன்றிலிருந்து நீ கீழே, நான் மேலே. பத்திரிகையில் முகமூடியோடு உன் படம் வந்தது. எனக்குக் 'கயிறு சார்' என்ற பெயர் வந்தது. கேண்டீனில் இரண்டு பேர் சிரித்தால், நீ அந்தக் கதையைச் சொல்லிவிட்டாய் என்று நினைப்பேன். என் பதவி உயர்வு தள்ளிப்போனபோதும் அப்படித்தான். பதிலுக்கு நானும் ஒரு கதை சொல்லிவந்தேன்: 'பெயரில் பங்கு போய்விடும் என்று அவன் என்னை இறங்கவே விடுவதில்லை.' நேற்றும் அலுவலக ஆட்கள் கேட்டபோது, மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சொன்னேன்.

அதன் பிறகுதான் மாடிக்குப் போனேன். உன் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் மேல உங்களுக்குக் கோவம்னு தெரியும்ணா. ரெகுலேட்டர் கெட்டு நீங்க சாகப் பாத்தீங்கல்ல, அதுக்கப்புறம் உங்கள இறக்க அவருக்கு மனசே வரல."

அவளிடம்கூட நீ சொல்லியிருக்கவில்லை.

"ரெகுலேட்டர் நல்லாத்தாம்மா இருந்துச்சு. நான்தான் பயந்துட்டேன்."

அவள் உன் சட்டை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். அந்தக் கோபம் என் மேல் இல்லை, உன் மேல். அதற்கும் நானே காரணமானேன்.

கீழே வந்து, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அலுவலகத்தாரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர், "விடுங்க சார், இப்ப எதுக்கு" என்றார். நம்பினார்களா, துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தார்களா, தெரியாது.

திரும்பும் பஸ்ஸில், மேலே தொங்கிய பிடியைப் பற்றியிருந்த கை தானாக ஒரு முறை இழுத்தது. நம் முறை அதுதானே. மேலே இருப்பவன் கயிற்றை ஒரு முறை இழுத்தால், 'நலமா?' கீழே இருப்பவன் ஒரு முறை இழுத்தால், 'நலம்.' முதலில் கேட்க வேண்டியவன் மேலே இருப்பவன். நீ படுக்கையில் கிடந்த மாதங்களில், இதே ஊரில் இருந்துகொண்டு, நான் கேட்கவேயில்லை. கேட்காமல் விட்ட அந்த ஓர் இழுப்பு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.