சொந்தக்காரர் சம்மதம்

கார்டன் ரீச், கல்கத்தா
3-8-1909

அன்புள்ள அண்ணாவுக்குக் காமுவின் நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். ரங்கூன் ஹோட்டல் சாப்பாட்டில் நீ இளைக்காமல் இருக்கிறாயா?

மூன்று வருஷம் முன்பு நீ என்னிடம் விட்டுப்போன கேப்டனுக்குத்தான் உடம்பு சரியில்லை. வாலுக்கடியில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். வெளிக்குப் போக முக்குகிறான். மலச்சிக்கல் என்று நினைத்து, குழந்தைகளுக்குக் கொடுக்கிற மாதிரி மூன்று வாரம் விளக்கெண்ணெய் கொடுத்துத் தொலைத்தேன். நேற்று அலிப்பூரில் மிருக டாக்டர் பாபுவிடம் காட்டினோம். சிக்கல் இல்லை, குடலிறக்கம் என்றார். வயதான ஆண் நாய்களுக்கு அந்த இடத்தில் சதை தளர்ந்து, உள்ளே இருப்பது பிதுங்குமாம். மயக்க மருந்து கொடுத்துத் தைத்துவிடலாமாம். கூடவே, எழுதக் கூச்சமாக இருக்கிறது, காளைக்குச் செய்வதையும் செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் தையல் நிற்காதாம்.

"நாய் யாருடையது, மா?" என்று கேட்டார். ரங்கூனில் இருக்கும் என் அண்ணாவுடையது என்றேன். அப்படியானால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்றுவிட்டார். உடனே எழுது.

உன் தங்கை,
காமு

ரங்கூன்
11-8-1909

சௌபாக்கியவதி காமுவுக்கு அநேக ஆசீர்வாதம்.

தையல் சரி. காயடிப்பதா? பத்து வயசுக்கு மேல் அவனுக்கு அந்த அவமானம் எதற்கு? நான் ஊருக்கு வந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? கத்தி கையில் இருக்கிறது என்பதற்காக எதையாவது வெட்டச் சொல்வார்கள் இந்த டாக்டர்கள். தைக்க மட்டும் சொல்லு. மாப்பிள்ளையும் ஆண்பிள்ளைதானே, அவரைக் கேட்டுப் பார்.

சீதாராமன்

கார்டன் ரீச்
18-8-1909

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நன்றாக இருக்கிறது உன் நியாயம்! அவமானமாம். முக்கி முக்கி அழுகிறானே, அது கௌரவமா? உன் மாப்பிள்ளையைக் கேட்டேன். "உன் அண்ணா நாய்க்கு நான் என்ன சொல்ல?" என்று சிரித்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.

டாக்டரை மறுபடியும் பார்த்தேன். அரைகுறையாகத் தைக்க மாட்டேன் என்கிறார். வீக்கம் இப்போது மாதுளம்பழம் அளவு. மூத்திரப்பை அந்தப் பொந்துக்குள் விழுந்துவிட்டால் இரண்டு நாள்கூடத் தாங்காதாம்.

உன் மாப்பிள்ளை தந்தி கொடுக்கலாம் என்றார். நான்தான் தடுத்தேன். நம் குடும்பத்துக்குத் தந்தி வந்தது இரண்டே தடவை. ஒன்று அப்பா போனபோது, இன்னொன்று மன்னி போனபோது. அங்கே ஒண்டியாக இருக்கிற உன் கையில் மூன்றாவதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பிரித்துப் பார்ப்பதற்குள் உனக்கு நெஞ்சே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். அடுத்த கப்பலிலேயே பதில் போடு, அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன்.

காமு

ரங்கூன்
23-8-1909

அன்புள்ள காமு,

செய்யச் சொல்லு. எல்லாவற்றையும் செய்யச் சொல்லு. நான் விளையாட்டாக எழுதிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மயக்கம் தெளியும்போது பக்கத்தில் இரு. உன் குரல் கேட்டால் பயப்பட மாட்டான்.

இன்னொன்று. மூன்று வருஷமாய்ச் சோறு போட்டவள் நீ. அவன் உன் நாய். என்னை எதற்கு அசடு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாய்?

சீதாராமன்

கார்டன் ரீச்
30-8-1909

அண்ணாவுக்கு,

உன் சம்மதம் நேற்று வந்தது. கேப்டன் வெள்ளிக்கிழமையே போய்விட்டான்.

வியாழக்கிழமை காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை. வாசலில் ஒவ்வொரு தூணிடமும் போய்க் காலைத் தூக்கி நின்றான். டாக்டர் அவ்வளவு சொல்லியும் புத்தியில்லாமல் உடம்புச் சூடு என்று நினைத்து, மோரில் வெந்தயம் கலந்து கொடுத்தேன். நான் கொடுத்ததால் குடித்தான். மறுநாள் அலிப்பூருக்கு வண்டி கட்டினோம். பாதி வழியில் என் மடியில் தலையை வைத்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மாத ஆரம்பத்திலேயே செய்திருக்கலாமே, மா" என்றார்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அது ஆறிவிடும். எனக்கு ஆறாதது வேறு. முதல் நாள் அவர் "நாய் யாருடையது?" என்று கேட்டபோது கேப்டன் என் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றான். "என்னுடையது" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மேஜையில் படுக்கவைத்திருப்பார். நான் உன் பேரைச் சொன்னேன்.

காமு