வேற விரல் வைங்கம்மா

இன்றைக்குக் காலையில் ரேஷன் கடையில் என் கட்டைவிரலை மிஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். மறுபடியும் சிவப்பு. ஒரு வாரமாக மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை உதிர்த்த கை, அதில் ரேகை எங்கே மிச்சமிருக்கும். சேல்ஸ்மேன் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வேற விரல் வைங்கம்மா" என்றார்.

ஊர் ஊராக மேடையில் நின்று உன்னிடம் நான் சொன்ன வசனம் அது. இன்னொருவர் வாயிலிருந்து எனக்கே திரும்பி வருமென்று நினைக்கவில்லை. அதற்குப் பிறகு கடையில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உனக்குப் பொறுமை கிடையாது, தெரியும். ஆனாலும் காத்திரு. மேடையில் காத்திரு காத்திரு என்று என் உயிரை வாங்கியவள்தானே நீ.

அடுத்த மாதம் உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் மகளிர் குழுக்களின் விழா வருகிறது. நம் ரேஷன் கடை நாடகத்தைப் போட்டே ஆகவேண்டும் என்று குழுவில் பிடிவாதம் பிடிக்கிறார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டிருந்தேன். வேறு எதுவானாலும் கேளுங்கள், பொங்கல் வைக்கச் சொல்லுங்கள், பாத்திரம் கழுவச் சொல்லுங்கள், இது மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அதை அவர்களுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் விளக்கம் தேவையில்லை.

நமக்கு நாடகத்தைப் பற்றி என்னடி தெரியும்? திருவிழாவில் கூத்து பார்க்க உட்கார்ந்து பாதியில் தூங்கிப்போனவர்கள் நாம். "சின்னதா ஒரு காமெடி நாடகம் பண்ணுங்க" என்று குழுக் கூட்டத்தில் தலைவி சொன்னதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீதான் என் கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாய். வசனம் நான் எழுதினேன். எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது எப்படி என்று ஒரு பக்கத்துக்கு அறிவுரை. மானாம்பதி பள்ளிக்கூட மைதானத்தில் நீ அரிசி வாங்க வரும் பொம்பளையாக நிற்க, நான் சேல்ஸ்மேனாகச் சட்டை மாட்டிக்கொண்டு அதை ஒப்பித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்துபோய் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அந்தச் சத்தத்தில் உனக்கு வசனம் மறந்துபோனது. நாம் கைரேகை மிஷின் என்று வைத்திருந்தது உன் பையனுடைய பென்சில் டப்பா. என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேல் கட்டைவிரலை வைத்தாய். எனக்கும் ஒன்றும் ஓடாமல், "வேற விரல் வைங்கம்மா" என்றேன். நீ அடுத்த விரலை வைத்தாய். நான் அதையே சொன்னேன். பத்து விரலும் முடிந்து, முழங்கையை வைத்தாய். மைதானம் லேசாகச் சிரித்தது. பிறகு மூக்கை வைத்தாய். வண்டியை ஸ்டார்ட் செய்தவர் அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அப்போது நீ நிமிர்ந்து, அழாத குறையாக என்னிடம் சொன்னாய்: "சார், இது என் வெரலுதான் சார். பொறந்ததுலேர்ந்து நான்தான் வெச்சிக்கினு கீறேன்."

கூட்டம் சிரித்தது ஒருபக்கம் இருக்கட்டும். சேல்ஸ்மேனே சிரித்துச் சிரித்துக் கோணிமேல் விழுந்தால் நாடகம் எங்கே உருப்படும்? நாடகம் அங்கேயே முடிந்தது.

அன்றிலிருந்து நமக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. யாரோ எடுத்த வீடியோவை உன் போனில் போட்டுப் போட்டுப் பார்த்தோம். அவர்கள் சிரித்து முடிக்கும் முன்பே நான் அடுத்த வசனத்தைப் பேசிவிடுகிறேன் என்று நீதான் கண்டுபிடித்தாய். "பஸ்ஸு நிக்கறதுக்குள்ள ஏங்க்கா எறங்கற? நின்னதும் எறங்கு" என்றாய். அறிவுரை வசனங்களை ஒவ்வொன்றாக அடித்தாய். எனக்கு ஆத்திரமாக வந்தது, நான் கஷ்டப்பட்டு எழுதியது அல்லவா. ஆனால் எடுக்க எடுக்க நாடகம் நன்றாகிக்கொண்டே போனது. கடைசியில் எனக்கு மிஞ்சியது "வேற விரல் வைங்கம்மா" என்ற ஒரே வசனம்.

அதைவிடக் கஷ்டம் என் மூஞ்சி. சேல்ஸ்மேன் கல்லாக நின்றால்தான் அந்தப் பொம்பளையின் பாடு சிரிப்பாக வரும் என்று நீ சொன்னாய். சரிதான். ஆனால் எனக்குச் சிரிப்பு நிற்கவேண்டுமே. களை எடுக்கும்போது எதிர்ச் சாலில் உட்கார்ந்துகொண்டு திடீரென்று உன் வெரலு வசனத்தைச் சொல்லுவாய். நான் சிரிப்பேன். வரப்பிலிருந்து நிலத்துக்காரர் திட்டுவார். பல்லைக் கடித்துப் பார்த்தேன், உள்ளங்கையைக் கிள்ளிப் பார்த்தேன். "போன வருசம் செத்துப்போச்சே உன் கன்னுக்குட்டி, அத்த நெனைச்சிக்கக்கா" என்றாய். திருப்புலிவனத்து மேடையில் கன்றுக்குட்டியை நினைத்தேன். பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது, மைக்கில் ஊரே கேட்டது. நீ என்னோடு மேடையேறிய எந்த ஊரிலும் உன்னுடைய அந்த வசனத்தை நான் சிரிக்காமல் தாண்டியதில்லை.

பிறகு உனக்கு வயிற்றுவலி வந்தது. சூடு என்றாய், மோர் குடித்தாய், பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது கட்டி முற்றிவிட்டது என்றார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் வராந்தாவில் என்னிடமும் உன் வீட்டுக்காரரிடமும் சொன்னார். அந்த மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "அக்கா, அவகிட்ட சொல்லாத. நான் உள்ள போனா தெரிஞ்சிக்குவா. நீ போ. நீதான் நாடகத்துல மூஞ்சிய கல்லாட்டம் வெச்சிக்கினு நிக்கிறியே" என்றார். பாவம், அவர் ஒரு நாடகத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

உள்ளே வந்தேன். நர்ஸ் உன் விரலில் கிளிப் மாதிரி எதையோ மாட்டிவிட்டு, எண் வரவில்லை என்று முனகினாள். "வேற விரல் குடுங்க" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். உன் கண்ணில் அந்தக் குறும்பு வந்ததைப் பார்த்தேன். நர்ஸிடம் திரும்பி, அதே அழுகைக் குரலில், "சிஸ்டர், இது என் வெரலுதான் சிஸ்டர். பொறந்ததுலேர்ந்து நான்தான் வெச்சிக்கினு கீறேன்" என்றாய்.

நர்ஸ் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கன்றுக்குட்டியை நினைக்கவேண்டிய அவசியமே இல்லாமல், கல்லாக நின்றேன்.

நர்ஸ் போகும்வரை காத்திருந்தாய். "நல்லா கத்துக்கினக்கா" என்றாய். பிறகு, "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டாய்.

"ஒண்ணும் இல்லனாரு."

"ஒண்ணும் இல்லன்னா நீ சிரிச்சிருப்ப."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ அழவில்லை. என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். "வூட்டுக்குப் போலாம்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே என் எதிர்ல அந்த மூஞ்சிய வெக்காத. உனக்கு நல்லா இல்ல" என்றாய். வீட்டுக்கு வந்தபின் நான் வைக்கவில்லை. நீ இருந்த நாள் வரைக்கும், சிரிப்பு வந்தபோது சிரித்தேன், அழுகை வந்தபோது அழுதேன். அதுமட்டும் உன் பேச்சை ஒழுங்காகக் கேட்டேன்.

நீ போனபிறகு குழுவின் கணக்கு பார்க்கும் பெண் உன் வேஷம் கட்டினாள். நன்றாகத்தான் செய்தாள், குறை சொல்லமுடியாது. அவள் உன் வெரலு வசனத்தைச் சொன்னபோது எனக்கு உதடுகூட அசையவில்லை. இறங்கி வந்ததும் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் நீ ஆர்ட்டிஸ்ட்டு" என்றார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வந்த மூஞ்சி அது. அதை வைத்துக்கொண்டு ஊரைச் சிரிக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் முடியாது என்றேன்.

இப்போது கடைக்கு வருகிறேன். மோதிரவிரலை வைத்தேன், சிவப்பு. "வேற விரல் வைங்கம்மா." சுண்டுவிரலை வைத்தேன், சிவப்பு. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. என் வாய் தானாகத் திறந்து, உன் குரலில், உன் அழுகையோடு, "சார், இது என் வெரலுதான் சார். பொறந்ததுலேர்ந்து நான்தான் வெச்சிக்கினு கீறேன்" என்றது.

வரிசை சிரித்தது. நீ சொல்லிக்கொடுத்தபடி அது அடங்கும்வரை காத்திருந்தேன். அந்தத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சமும் முகம் மாறாமல் சொன்னார்: "வேற விரல் வைங்கம்மா."

அவ்வளவுதான், நான் தொலைந்தேன். எடைமேடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தேன். எந்த விரலை மிஷின் கடைசியில் ஏற்றுக்கொண்டதோ தெரியாது, யாரோ என் பையை வாங்கி அரிசியைப் போட்டுக் கொடுத்தார்கள். வீடு வந்து சேரும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

சாயங்காலம் குழுவுக்குப் போன் பண்ணி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சேல்ஸ்மேன் சட்டையைக் கணக்குப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பொம்பளை வேஷம் நான் கட்டுகிறேன். உன் பையனிடம் பென்சில் டப்பாவைக் கேட்டிருக்கிறேன். மூக்கை வைக்கிற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்து நாடகம் கெட்டாலும் கெடட்டும்.