குளவி போன பிறகு வரும் வீக்கம்

அன்புள்ள டொக்டர்,

டயகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இன்று காலை கொழுந்து பறித்த பெண்களைக் குளவி கொட்டியது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஊசி போட்ட தோட்ட மருத்துவ உதவியாளரே தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். "வீக்கம் வடிஞ்சிருச்சுங்க. அந்திக்கு லயத்து வீடுகளுக்கு அனுப்பிருவோம்" என்றார். உடனே உங்கள் நினைவு வந்தது.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். குளவிக் கொட்டு வாங்கிய செல்லம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தோட்ட லொறியில் உங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பத்திரிகைக்குச் செய்தி எடுக்க நானும் வந்திருந்தேன். அட்ரினலின் ஊசி போட்டதும் அவர் மூச்சு சீரானது. எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தார். வந்த லொறியிலேயே திரும்பிவிடுவது தோட்டத்து வழக்கம். அவரை வேலை வாங்கும் கங்காணி, கூட்டிப்போக வாசலில் நின்றார்.

"நல்லாத்தானே இருக்கேன். விடுங்க ஐயா, லொறி போயிட்டா மலைக்கு எப்பிடி ஏறுறது?"

நீங்கள் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். கொட்டிய கணத்தில் சில செல்கள் உடைந்து மூச்சை அடைக்கின்றன, ஊசி அதற்கு. ஆனால் அந்தச் செல்கள் பிறகும் சும்மா இருப்பதில்லை, செய்திகளைத் தயாரித்து அனுப்புகின்றன என்றீர்கள்.

"காலையில ஆக்களைக் கூப்பிட்டு மலைக்குப் பிரிச்சு அனுப்புற உங்கட பெரட்டு மாதிரித்தான். வேலை இருக்கெண்டு கூப்பிடுறது சைட்டோகைன். எந்த மலைக்குப் போறதெண்டு வழி காட்டுறது கெமோகைன். ஆக்கள் வந்து சேர நேரம் எடுக்கும். வந்தால் திரும்பவும் வீங்கலாம்."

"எங்க கங்காணி உள்ளேயும் வந்துட்டாரா?" என்றார் செல்லம்மா. வாசலில் நின்றவருக்கே சிரிப்பு வந்தது.

"வேலை முடிஞ்சுது, போங்கோ எண்டு கலைச்சுவிடுற செய்தியும் இருக்கு. சிலருக்கு அது பிந்தும். எல்லாருக்கும் இப்பிடி வராது. உங்களுக்கு வந்தால் லயத்தில ஆர் ஊசி போடுறது?"

அவர் செருப்பைத் தேடினார். நீங்கள் வெளியே போய் சாரதியிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னீர்கள். லொறி புறப்பட்டது. திரும்பி வந்த உங்களைச் செல்லம்மா பார்த்த பார்வை நன்றாக இல்லை.

'சிகிச்சை பெற்று வீடு திரும்பினார்' என்று எழுதலாமா என நான் கேட்டேன். "நாளைக்கு எழுதும்" என்றீர்கள்.

மாலையில் தேநீர் வந்த நேரம், செல்லம்மாவின் உதடு மறுபடி தடித்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டார், குரல் வரவில்லை. அந்த வார்டில் குளவி எதுவும் இல்லை. நீங்கள் ஓடவில்லை. ஊசி தயாராகத் தட்டில் இருந்தது.

மறுநாள் அவர் பஸ்ஸில் ஊருக்குப் போனார். "இன்னைக்காவது விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார். அதற்குப் பிறகே என் செய்தி போனது.

நீங்கள் போனபின் அந்த வார்டுக்கு வேறு டொக்டர்கள் வந்துவிட்டார்கள். குளவிக் கொட்டென்றால் அன்றைக்கே யாரையும் 'குணமடைந்தார்' என்று எழுதுவதில்லை என்ற உறுதி மட்டும் என்னிடம் இருக்கிறது. பத்திரிகை ஆசிரியர்கள் கோபித்ததுண்டு. நான் மாற்றவில்லை.

இன்று மருத்துவ உதவியாளரிடம் நீங்கள் கேட்டதையே கேட்டேன்: லயத்தில் யார் ஊசி போடுவது? "சரிங்க, எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்" என்றார். அனுப்பியும் விட்டார், வார்டில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். எப்போது வீட்டுக்கு விடுவது என்பதை நாளை காலை பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். வீடு திரும்பினார்கள் என்ற கடைசி வரியை இன்னும் எழுதவில்லை.